வேலையில் யார் சொல் செல்லும்? எரியோடு வட்டார ஆலைகளும் நிறுவன வாழ்வின் மனநலமும்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த எரியோடு பேரூராட்சியும், வேடசந்தூர் வட்டத்தில் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களும், கடந்த ஒன்றிரண்டு தலைமுறைகளாக இருவகை ஊதியத் தொழிலாளரை வெளியே அனுப்பி வருகின்றன. ஊர் முகப்பில் வந்து நிற்கும் மில் வேனில் ஏறி நூற்பாலைக்கோ ஆயத்த ஆடை ஆலைக்கோ செல்பவர் ஒரு வகையினர்; பொறியியலோ கணினிப் பயன்பாட்டியலோ படித்துவிட்டுக் கோயம்புத்தூர், சென்னை, பெங்களூரு நகரங்களின் மென்பொருள் நிறுவனங்களுக்குச் செல்பவர் மற்றொரு வகையினர். அக்காளின் மில் கூலியில் தம்பி படிப்பது இப்பகுதிக்குப் புதிய செய்தி அன்று என்பதால், இவ்விரு வகையினரும் சில வீடுகளில் உடன்பிறந்தவர்களாகவே இருப்பதுண்டு. ஆயினும், வேலையில் முன்னேறுவது எப்படி, மனம் சிதையாமல் நிறுவன வாழ்வைக் கடப்பது எப்படி என்று பேசும் நூல்களும் பயிலரங்குகளும் இரண்டாம் வகையினரை மட்டுமே கருத்தில் கொள்கின்றன. இக்கட்டுரை அந்த வரிசையை மாற்றி வைக்கிறது. தன் பணிவாழ்வைத் தன் வசத்தில் வைத்திருப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு அண்மைக்காலத்தில் கிடைத்த தெளிவான விடைகளுள் ஒன்று திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் உருவானது என்பதும், படித்த ஊழியர்தாம் அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய இடத்தில் இருக்கின்றனர் என்பதும் இதன் கருத்து.

வேடசந்தூர்ச் சமவெளி பெரும்பாலும் மானாவாரி நிலம். குடகனாற்றில் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதில்லை. சோளம், நிலக்கடலை, முருங்கை ஆகியவற்றோடு, கிணற்றுப் பாசனம் உள்ள இடங்களில் மெல்லும் புகையிலையும் இங்கு விளைந்து வந்தது. வேடசந்தூரில் மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டதும் அதனால்தான். விவசாயம் ஆண்டில் சில மாதங்களுக்கு மட்டுமே வேலை தரும் இத்தகைய நிலப்பகுதியில், மலிவான நிலமும் ஆட்களும் நெடுஞ்சாலையும் ஒருசேரக் கிடைத்ததால் நூற்பாலைகள் பெருகின. பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்னும் மூன்று சொற்கள் பல குடும்பங்களின் உறக்க நேரத்தையும் சமையல் நேரத்தையும் தீர்மானிக்கத் தொடங்கின. தொலைவிலிருந்து வரும் இளம்பெண்களை ஆலை வளாகத்து விடுதியிலேயே தங்கவைத்து வேலை வாங்கும் கேம்ப் கூலி முறையும், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்து முடித்தால் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும் என்று சொல்லி ஆள் சேர்த்த சுமங்கலித் திட்டமும் திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களோடு இம்மாவட்டத்திலும் வேரூன்றின. மொத்தத் தொகை என்று அழைக்கப்பட்டது, உண்மையில் மாதந்தோறும் கைக்கு வந்திருக்க வேண்டிய கூலியின் பிடித்து வைக்கப்பட்ட பகுதியே என்று தொழிலாளர் அமைப்புகள் தொடர்ந்து சுட்டிக்காட்டின. இடையில் உடல் நலிந்து வீடு திரும்பும் பெண் அத்தொகையை இழக்கும் நிலை இருந்தது. இந்த ஏற்பாட்டின் உள்ளமைப்பை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. மென்பொருள் அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போது அது மீண்டும் தேவைப்படும்.

வேலை மனிதரை எவ்வாறு நோயாளியாக்குகிறது என்ற ஆராய்ச்சியில் அடிப்படையான இரண்டு பணிகளை இங்கே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், வேலையின் தன்மையை இரண்டு அளவுகோல்களால் அளக்க முற்பட்டார். முதலாவது வேலைச்சுமை: எவ்வளவு வேலை, எவ்வளவு வேகம், எவ்வளவு நெருக்கடி என்பது. இரண்டாவது முடிவுரிமை: அந்த வேலையை எப்போது, எப்படி, எந்த வரிசையில் செய்வது என்பதில் செய்பவருக்கு உள்ள அதிகாரமும், தன் திறனைப் பயன்படுத்த அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பும். சுமை மிகுந்தும் முடிவுரிமை குறைந்தும் உள்ள வேலைதான் மனத்தையும் உடலையும் கடுமையாக வாட்டுகிறது. சுமை மிகுந்திருந்தாலும் முடிவுரிமையும் மிகுந்திருந்தால் அவ்வேலை மனிதரை வளர்க்கக்கூடும் என்பது அவர் முன்வைத்த கருத்து.

லண்டன் அரசு ஊழியர்களிடம் நடத்தப்பட்ட வைட்ஹால் ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுச் சேர்த்தன. 1967இல் தொடங்கிய முதல் ஆய்வு ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. பொறுப்புகளைச் சுமக்கும் உயரதிகாரிகளுக்கே மாரடைப்பு மிகுதி என்று பரவலாக நம்பப்பட்டு வந்ததற்கு நேர்மாறாக, அடிமட்டப் பணியாளர் இதயநோயால் இறக்கும் விகிதம் உச்சத்தில் இருந்தவர்களைப் போல மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. புகைப்பழக்கம், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் இந்த ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி விளக்கப்படாமல் எஞ்சியது. 1985இல் தொடங்கி 10,308 பெண், ஆண் ஊழியர்களைச் சேர்த்துக்கொண்ட இரண்டாம் ஆய்வின் அடிப்படையில் மைக்கேல் மார்மட் குழுவினர் 1997இல் வெளியிட்ட கட்டுரை, எஞ்சிய அந்த வேறுபாட்டை விளக்குவதில் வேலையின்மீது கட்டுப்பாடு இல்லாமை பெரும்பங்கு வகிக்கிறது என்று காட்டியது. இவர்கள் அனைவரும் நிரந்தர வேலையும் ஓய்வூதியமும் உடையவர்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. வறுமை இல்லாத இடத்திலும் சொல் செல்லாமை உயிரைக் குறைத்தது.

இந்த அளவுகோலை ஆலைக்குள் கொண்டுசென்று பார்த்தால், நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் சைடு, அதாவது இயந்திரத்தின் ஒரு பக்கம், பார்க்கும் பெண்ணின் நிலை எளிதில் விளங்கும். இழை அறுந்த இடத்தை ஒட்டிக்கொண்டே அவர் வரிசைகளுக்கிடையே நடந்துகொண்டிருக்க வேண்டும். இழை அறாமலிருப்பதற்காகக் காற்றில் ஈரப்பதம் கூட்டப்பட்டிருக்கும். பஞ்சுத் தூசியும் இயந்திர இரைச்சலும் ஓயாது. வேகத்தை இயந்திரம் தீர்மானிக்கிறது, எத்தனை சைடு என்பதை மேற்பார்வையாளர் தீர்மானிக்கிறார். குளிரூட்டப்பட்ட அறையில் அமர்ந்திருக்கும் மென்பொருள் ஊழியரின் நிலை வேறு என்றுதான் முதற்பார்வையில் தோன்றும். கூலியிலும் உடலுக்கு ஏற்படும் ஆபத்திலும் வேறுபாடு மிகப் பெரிது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் முடிவுரிமை என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இடைவெளி எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. வாடிக்கையாளர் இருக்கும் நாட்டின் கடிகாரப்படி கூட்டங்கள் நடக்கின்றன. எந்தப் புராஜெக்டில் இருப்பது, எப்போது புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சுக்கு அனுப்பப்படுவது என்பதை வேறொருவர் முடிவு செய்கிறார். பெல் கர்வ் எனப்படும் மணிவடிவப் பகிர்வு முறையில், குழுவில் அனைவரும் நன்றாக வேலை செய்திருந்தாலும் குறிப்பிட்ட விழுக்காட்டினர் கடைசி ரேட்டிங்கில் தள்ளப்பட்டே ஆக வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச் பரவலாக்கிய இம்முறையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது. பக்கத்து இருக்கைக்காரரைப் போட்டியாளராகப் பார்க்கப் பழக்கும் ஒரு முறையை வைத்துக்கொண்டு குழுவுணர்வு பற்றி வகுப்பெடுப்பதில் உள்ள முரண், வகுப்பெடுப்பவர் தவிர மற்ற அனைவருக்கும் தெரிந்ததே.

உலக சுகாதார நிறுவனம் 2019இல், தன் நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், பணிச் சோர்வு நிலையைப் பணி சார்ந்த நிகழ்வாக வரையறுத்தது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகிக் கசத்தல், செயல்திறன் குறைந்துவிட்டதாக உணர்தல் என்னும் மூன்றும் சேர்ந்தது அது. அதனை ஒரு நோயாக அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை என்பதும், சரிவரக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்று வரையறுத்தது என்பதும் கவனத்துக்குரியவை. அதாவது சரிசெய்ய வேண்டியது பணியிடம். நடைமுறையில் நிறுவனங்கள் அளிப்பது, ஊழியரைச் சரிசெய்யும் ஏற்பாடுகளே: யோகா வகுப்பு, தியானச் செயலி, மீள்திறன் பயிலரங்கு. இவை தீங்கானவை அல்ல. ஆனால் முடிவுரிமையை இவை ஓர் அங்குலமும் கூட்டுவதில்லை. மறுபுறம் வேலை நேரமே நீள்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கூட்டாக மதிப்பிட்டன. இதற்குப் பின்னர்தான், 2023 அக்டோபரில் மென்பொருள் தொழிலதிபர் நாராயண மூர்த்தி இளைஞர்களை வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னதும், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரத்தை விரும்பியதும் நிகழ்ந்தன. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2023 ஏப்ரல் 21 அன்று நிறைவேற்றிய, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைச் சட்டத் திருத்தம், தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்டது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற விவாதத்தில் எரியோட்டுப் பெண்ணும் பெங்களூருப் பொறியாளரும் ஒரே தரப்பில் நின்ற அரிய தருணம் அது. அப்பொறியாளர்களுள் எத்தனை பேர் அதை அவ்வாறு உணர்ந்தனர் என்பது வேறு.

பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலொன்றில், ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதிலுள்ளவருக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார்: விலகிச் செல்வது ஒன்று, உள்ளிருந்தே குறையைச் சொல்வது மற்றொன்று. பணிவாழ்வு பற்றிய அறிவுரை நூல்கள் ஏறத்தாழ முழுவதும் முதல் வழியைப் பற்றியவை. திறனை வளர்த்துக்கொள், தொடர்புகளைப் பெருக்கு, இங்கே சரிப்படாவிட்டால் பேப்பர் போட்டுவிட்டு வேறிடம் போ. இவ்வறிவுரையில் உண்மை உண்டு. வேறிடம் போகக்கூடியவர் என்று மேலாளர் அறிந்திருக்கும் ஊழியரின் சொல்லுக்கு இருக்கும் இடத்திலேயே மதிப்புக் கூடும். ஆனால் விலகும் வழி எல்லாருக்கும் ஒரே அகலத்தில் திறந்திருப்பதில்லை. 90 நாள் நோட்டீஸ் பீரியட், ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்தல், சேரும்போது கொடுத்த போனஸை இடையில் விலகினால் திரும்பப் பெறுதல், பயிற்சிச் செலவுக்கென எழுதி வாங்கும் பாண்டு ஆகியவை அந்த வழியைக் குறுக்குகின்றன. பின்னால் தரப்படும் பணத்தைக் காட்டி முன்னால் ஆளைக் கட்டி வைப்பது என்ற அளவில், இவற்றின் உள்ளமைப்பு சுமங்கலித் திட்டத்தினுடையதே. கட்டப்பட்டவரின் வறுமை மட்டுமே வேறு. சட்டமும் இதில் முழுமையாக ஊழியர் பக்கம் இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. எனினும் 1967இல் செஞ்சுரி ஸ்பின்னிங் நிறுவன வழக்கில், ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2025 மே மாதத்தில் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற பாண்டும் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இரண்டாம் வழியான சொல்வதற்கு விலை மிகுதி. அந்த விலையை யார் ஏற்பது என்பதை மாற்றியமைத்ததில்தான் திண்டுக்கல் உடன்பாட்டின் முக்கியத்துவம் இருக்கிறது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்துக்குச் சொந்தமான, திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம்பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார்; அவ்வாலையின் மேற்பார்வையாளர் ஒருவர் அவ்வழக்கில் கைதானார். அதையடுத்து அங்கு நிலவிய பாலியல் தொல்லைகள் பற்றிப் பல பெண்கள் பேச முன்வந்தனர். பெண்களின் தலைமையில், பெரும்பாலும் தலித் பெண்களை உறுப்பினராகக் கொண்டு இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன், ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணியோடும் அமெரிக்காவைச் சேர்ந்த குளோபல் லேபர் ஜஸ்டிஸ் அமைப்போடும் இணைந்து ஓராண்டுக்கும் மேலாகப் போராடியது. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்தோடும், அதனிடம் ஆடை வாங்கும் ஹெச் அண்ட் எம் நிறுவனத்தோடும் இந்த உடன்பாடு கையெழுத்தானது; கேப், பி.வி.ஹெச். ஆகிய நிறுவனங்களும் அவ்வாண்டிலேயே அதில் இணைந்தன.

பெண்கள்மீதான பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே இருந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமெல்லாம் உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆயினும் ஆலை நிர்வாகமே அமைத்து, ஆலை நிர்வாகமே அழைத்து, ஆலை நிர்வாகத்துக்கே அறிக்கை தரும் குழுவிடம், மேற்பார்வையாளரின் தயவில் வேலை செய்யும் பெண் போய்ப் பேசுவார் என்று எதிர்பார்ப்பது பகற்கனவு. உடன்பாடு இந்த இடத்தைத்தான் தொட்டது. உற்பத்தித் தளத்திலேயே வேலை செய்யும் பெண்களுள் சிலர் சங்கத்தால் பயிற்சியளிக்கப்பட்டுக் கண்காணிப்பாளர்களாயினர். சக தொழிலாளியின் குறையை நிர்வாகத்திடம் கொண்டுசெல்வது அவர்களின் ஏற்கப்பட்ட பணியாயிற்று. குறை சொன்னவரைப் பழிவாங்குவது உடன்பாட்டு மீறலாக வரையறுக்கப்பட்டது. பாலினத்தோடு சாதி அடிப்படையிலான பாகுபாடும் அதன் வரம்புக்குள் வந்தது. உற்பத்தி இலக்கை எட்டாததற்காக வீசப்படும் வசைச்சொல்லும் வன்முறையின் தொடக்கப் படி என்று கருதப்பட்டது. ஆலை நிர்வாகம் உடன்பாட்டை மீறினால் அதன் விளைவு, வாங்கும் நிறுவனங்களின் ஆர்டரில் தெரியும். பன்னாட்டு வணிக முத்திரைகள் வெளியிடும் நன்னடத்தை விதிகள் பலவற்றுக்கு இல்லாத பல் இதற்கு இருந்தது. 2013இல் வங்கதேசத்தில் உருவான கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையும், 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டு ஆடை ஆலைகளில் உருவான உடன்பாடுகளும் இதற்கு முன்னோடிகள்.

முதல் ஆண்டு முன்னேற்ற அறிக்கையின்படி தொழிலாளர் எழுப்பிய குறைகள் 185. அவற்றுள் 98 விழுக்காடு தீர்க்கப்பட்டன, பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். இந்த எண்ணை வாசிப்பதில் கவனம் தேவை. குறைகள் பெருகியதை ஆலை மோசமானதன் அறிகுறியாகக் கொள்ளலாகாது. சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை பிறந்த இடத்தில்தான் குறைகள் பதிவாகின்றன. குறையே பதிவாகாத அலுவலகத்தைச் சிறந்த பணியிடம் என்று பாராட்டும் வழக்கத்தை இவ்வெண் கேள்விக்குள்ளாக்குகிறது. உடன்பாட்டின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். அது ஒரே குழுமத்தின் சில ஆலைகளில் உள்ள சில ஆயிரம் தொழிலாளர்களுக்கு உரியது. வெளிநாட்டு முத்திரையின் பெயர் தெரியாத, உள்நாட்டுக்கு நூல் விற்கும் எண்ணற்ற ஆலைகளைத் தொடும் கைப்பிடி அதில் இல்லை. அமெரிக்கச் சுங்கத்துறை 2022 ஜூலையில் நாச்சி ஆலையின் ஆடைகளுக்குத் தடை விதித்துச் செப்டம்பரில் நீக்கியதைப் போன்ற வெளி அழுத்தம் எல்லா ஆலைக்கும் வாய்ப்பதில்லை.

சொல்வதை அமைப்பாக்கும் இம்முயற்சிக்குத் தமிழ்நாட்டில் நூறாண்டுக்கு மேற்பட்ட மரபு உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பின்னணியில், பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர் நண்பகல் உணவு வேளை போதவில்லை என்று சொன்ன குறையும் இருந்தது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் முன்னின்ற அச்சங்கத்தின்மீது, தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டியதாகப் பின்னி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. குறையைச் சேர்ந்து சொல்வதே குற்றமாகிவிடும் அபாயத்தை அவ்வழக்கு காட்டியதன் தொடர்ச்சியாக 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

மென்பொருள் துறை இம்மரபுக்கு வெளியே பிறந்ததாகத் தன்னை நெடுங்காலம் எண்ணிக்கொண்டது. 2014 இறுதியில் டி.சி.எஸ். நிறுவனத்தில் ஆள்குறைப்புப் பற்றிய செய்திகள் வந்தபோது அவ்வெண்ணம் முதன்முறையாக ஆட்டங்கண்டது. 2015 ஜனவரியில், கருவுற்றிருந்த ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நிறுவனம் அந்தப் பணிநீக்க ஆணையைத் திரும்பப் பெற்றது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்குத் தொழில் தகராறுச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை என்று தமிழ்நாட்டு அரசு 2016இல் தெளிவுபடுத்தியது. விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பை இழப்பதில்லை. அவர் உண்மையில் செய்யும் வேலை எது என்பதையே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. 2025 ஜூலையில் அதே நிறுவனம் தன் பணியாளருள் 2 விழுக்காட்டினரை, அதாவது 12,000க்கும் மேற்பட்டோரை, வெளியேற்றப்போவதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவருள் நடுநிலை, உயர்நிலைப் பொறுப்பாளர்கள் மிகுதி. விசுவாசத்துக்குப் பதில் பாதுகாப்பு என்ற எழுதப்படாத உடன்பாடு ஒரு தரப்புக்கு மட்டுமே நினைவிருந்தது என்பதை அவர்கள் நாற்பது வயதுக்கு மேல் கண்டுகொள்ள நேர்ந்தது.

இந்நிலையில் தனி ஊழியர் செய்யக்கூடியவை சில உண்டு. நியமன ஆணை, சம்பளச் சீட்டு, மதிப்பீட்டு மின்னஞ்சல் ஆகியவற்றின் படிகளைத் தம்மிடம் வைத்திருப்பது, வாய்மொழியாக இடப்படும் கட்டளையை எழுத்தில் உறுதிப்படுத்திக் கேட்பது, விலகச் சொல்லி நெருக்கும்போது அன்றே கையொப்பமிடாமலிருப்பது ஆகியவை பின்னாளில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். சில மாதச் செலவுக்கான சேமிப்பு, வேறெந்தப் பயிலரங்கையும்விட முடிவுரிமையைக் கூட்டுகிறது. மனம் நலிந்தவர் மருத்துவ உதவி நாடத் தயங்க வேண்டியதில்லை. உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது, 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது.

ஆனால் இவையெல்லாம் தனியொருவரின் தற்காப்பு. சேர்ந்து சொல்வதற்கான இடம் ஒன்றைச் சட்டம் ஏற்கெனவே ஒதுக்கி வைத்திருப்பது பெரும்பாலான ஊழியர்களின் கவனத்துக்கு வரவில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம், 20 தொழிலாளரும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் குறைதீர்ப்புக் குழு அமைக்கப்பட வேண்டும் என்கிறது. நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில், பத்துப் பேருக்கு மிகாமல், பெண்களுக்கு உரிய இடத்தோடு அமர வேண்டும். 30 நாளுக்குள் நடவடிக்கை முடிய வேண்டும். இதே நோக்கிலான குழு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பழைய தொழில் தகராறுச் சட்டத்திலும் இருந்தது. புதிய குழு காகிதத்தில் நின்றுவிடுமா, ஆள்களுக்குப் பயன்படுமா என்பதைத் தீர்மானிக்கப்போவது, தொழிலாளர் தரப்பு உறுப்பினரை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பது. திண்டுக்கல் ஆலையில் கண்காணிப்பாளர்களுக்குப் பயிற்சியளித்துப் பின்னால் நின்றது சங்கம். மனிதவளத் துறை தன் விருப்பத்துக்கு நியமிக்கும் உறுப்பினரிடம், அடுத்த ரேட்டிங்கை எண்ணி அஞ்சும் ஊழியர், 2021க்கு முந்தைய ஆலைப்பெண் உள்ளகக் குழுவிடம் பேசாதிருந்ததைப் போலவே, எதையும் சொல்லப்போவதில்லை.